ஃப்ரீசர் உறைய மாட்டேங்குதா: டிஃப்ராஸ்ட் கோளாறா, கேஸ் கசிவா, புதுசே வாங்கிடலாமா?

ஐஸ் ட்ரேயில் தண்ணீர் கட்டியாகிறது, ஆனால் ஐஸ்கிரீம் கூழாகக் கிடக்கிறது. ஃப்ரீசர் சரியில்லை என்பதற்கு இந்த ஒரு அடையாளமே போதும். தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும்; ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்க மைனஸ் 18 பக்கம் போகவேண்டும். "ஐஸ் நல்லாத்தானே ஆகுது" என்று சொல்லிக்கொண்டே மீனையும் கறியையும் மைனஸ் 5-ல் வாரக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் காசு செலவில்லாமல் பார்க்கவேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பின்பக்கமும் பக்கவாட்டும் சுவரோடு ஒட்டி நின்றால் கொஞ்சம் முன்னால் இழுங்கள், கத்திரி வெயிலில் இது பெரிய வித்தியாசம் காட்டும். டபுள் டோரில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு இரண்டு இருந்தால், பல மாடல்களில் அவற்றில் ஒன்று வெறும் காற்றுக் கதவுதான்: கீழ்த்தட்டுக்குக் காற்றை அள்ளிக் கொடுத்தால் மேலே ஃப்ரீசருக்குக் குறையும். இதெல்லாம் சரியாக இருந்தும் உறையவில்லை என்றால்தான் உண்மையான போட்டி ஆரம்பம்.

போட்டி இரண்டு பேருக்குள். டிஃப்ராஸ்ட், அதாவது உள்ளே படியும் பனியை உருக்கும் ஏற்பாடு, வேலை செய்யாமல் போவது ஒன்று; குளிரூட்டும் கேஸ் குறைவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் இருக்காது. ஆனால் செலவும் வேலையும் மலைக்கும் மடுவுக்கும். அப்படியிருந்தும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கேஸ் போயிடுச்சுக்கா" என்று முடிவு சொல்லிவிடும் தம்பிகள் உண்டு. பின் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி.

பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜாக இருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசருக்குள் பின்பக்க பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வளைந்து வளைந்து போகும் காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய், தெரியும். அதன் மேல் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. காயில் முழுக்க வெள்ளை மண்டி, தகடு தகடாக இருப்பதே தெரியாத அளவுக்கு இறுகியிருந்தால், கேஸ் ஓடுகிறது, டிஃப்ராஸ்ட்தான் நடக்கவில்லை. கேஸ் நுழையும் முதல் ஒன்றிரண்டு வளைவில் மட்டும் பனி, மீதி வெறும் அலுமினியமாக இருந்தால் கேஸ் குறைவு, இல்லையென்றால் கேஸ் வழியிலுள்ள ஃபில்டரிலோ கேபிலரி என்கிற மெல்லிய குழாயிலோ அடைப்பு. கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடியும் துளிப் பனிகூட இல்லை என்றால் கேஸ் சுத்தமாகத் தீர்ந்திருக்கும், அல்லது கம்ப்ரசர் ஓடுகிறதே தவிர அமுக்கவில்லை. பனி லேசாக, சமமாகப் படிந்திருந்து குளிர் மட்டும் வெளியே வரவில்லை என்றால் விசிறியைப் பாருங்கள்.

டிஃப்ராஸ்ட் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்ப்ரசர் பல மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை ஹீட்டர் எரிந்து பனியை உருக்கவேண்டும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகும். ஹீட்டர், பைமெட்டல் (வெப்பத்துக்கேற்ப இணைந்து பிரியும் சுவிட்ச்), ஃப்யூஸ், டைமர் அல்லது போர்டு, இதில் ஒன்று போனாலும் பனி ஏறிக்கொண்டே போய் காற்று வழியை அடைத்துவிடும். முதலில் கீழ்த்தட்டில் பால் புளிக்கும், அப்புறம்தான் ஃப்ரீசர் இளகும். இந்த வரிசையைக் கவனித்து வையுங்கள்.

உறுதி செய்ய ஒரு இலவச வழி உண்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு கதவையும் திறந்து போட்டு, ஒரு நாள் முழுக்க ஆஃப் செய்யுங்கள். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் சீக்கிரம் உருகும்; ஹேர் டிரையர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி ஆனால் டிஃப்ராஸ்ட் கோளாறு என்று கையெழுத்தே போட்டுவிடலாம். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் இப்படி ஒரு வாரமெல்லாம் நல்ல பிள்ளையாக நடிக்காது.

இதில் மெக்கானிக்குகளே சறுக்கும் இடம் பைமெட்டல். அது குளிரில்தான் இணையும். அறை வெப்பத்தில் மீட்டர் வைத்தால் திறந்துதான் காட்டும். "இது போச்சு சார்" என்று நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போட்டுவிட்டு, எரிந்துபோன ஹீட்டரை அப்படியே விட்டுப் போவதும் நடக்கிறது. ஐஸுக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பாகங்களின் விலை பெரும்பாலும் ஒரு கேஸ் சார்ஜுக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

இப்போது கேஸ். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் காட்டாமல் கேஸ் மட்டும் நிரப்பிப் போனால் சில மாதத்தில் அதே ஆள், அதே பில்.

"லீக் எங்க தம்பி?"

"அதெல்லாம் சின்ன லீக்குக்கா, தெரியாது. போட்டா ஓடும்."

இந்தப் பதிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து, இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்யூம் எடுத்து (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), அப்புறம் எடை பார்த்து கேஸ் போடுவதுதான் முழு வேலை. புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன். மைனஸ் 11.7 டிகிரியில் கொதிப்பது. ஃப்ரீசர் அதைவிடக் குளிராக ஓடும்போது காயிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால், ஓடும் நேரத்தில் கேஸ் வெளியே போவதைவிட ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். வேக்யூம் போடாமல் மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போவது எவ்வளவு வீண் என்று இதிலிருந்தே புரியும்.

தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதால் கம்ப்ரசர் பக்கம் மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் ஒட்டியிருப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு சில பத்து கிராம்தான் தேவை, எத்தனை கிராம் என்று ஸ்டிக்கரிலேயே இருக்கும். எடைத் தராசு இல்லாமல் வருபவரை அப்படியே திருப்பி அனுப்பலாம். ஆர்600ஏ இயந்திரத்தில் ஆர்134ஏ என்கிற வேறு கேஸைப் போட்டுவிடுகிறேன் என்பவரையும்தான். அந்தக் கம்ப்ரசர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, மோட்டார் திணறும்.

டைரக்ட் கூல் சிங்கிள் டோரில் கதை வேறு. அங்கே ஹீட்டர், விசிறி எதுவும் கிடையாது. ஃப்ரீசர் பெட்டியின் சுவரே காயில். பனி கனத்தால் குளிர்த் திருகின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் உருகும். பொறுமையில்லாமல் கத்தியால் குத்திப் பெயர்த்தால் அலுமினியத்தில் ஓட்டை, புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த வகை ஃப்ரிட்ஜில் கேஸ் போயிற்று என்றால் முதல் சந்தேகம் கத்தி மேல்தான்.

கம்ப்ரசர் மாற்றுவது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டிக் டிக்கென்று தொடங்கப் பார்த்து நின்றுவிட்டால் முதலில் அதைத் தொடங்கிவைக்கும் ரிலேயையும், சூடேறினால் நிறுத்தும் ஓவர்லோடையும் மாற்றிப் பாருங்கள், கரண்ட் குறைவாக வருகிறதா என்றும் பாருங்கள். 10 வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருப்பது பல நிறுவனங்களில் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸும் கூலியும் உங்கள் கணக்கு.

அப்போ புதுசு எப்போது? ஓட்டை காயிலிலோ கம்ப்ரசர் அருகிலோ இருந்தால் சரிசெய்யுங்கள். பக்கவாட்டுச் சுவருக்குள், ஃபோமுக்குள் புதைந்த குழாயில் இருந்தால் அதைத் தோண்டி எடுக்க வழியில்லை. வெளியே தனி கண்டென்சர் (வெப்பத்தை வெளியேற்றும் குழாய்) மாட்டித் தருவார்கள். அஞ்சாறு வயது ஃப்ரிட்ஜுக்கு அது பரவாயில்லை. பத்து வயதைத் தாண்டி, கதவு ரப்பரும் போய், கடலோர உப்புக் காற்றில் குழாயெல்லாம் துருவும் பிடித்திருந்தால் நான் மாட்டமாட்டேன், அந்தக் காசைப் புதுசில் போடுவேன். டிஃப்ராஸ்ட் கோளாறு மட்டும் என்றால் எத்தனை வயதானாலும் விற்காதீர்கள்.

புதுசு வந்த அன்றே ஐஸ்கிரீமை வைத்து அளக்கவும் வேண்டாம். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி நிற்க விட்டுப் போடுங்கள். காலியாக ஓடவிட்டு, 24 மணி நேரம் கழித்து ஃப்ரீசருக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.