வீ ஃபிட்டும் ஒரு பென்டிரைவும்: மூன்று வருட அனுபவம்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய அண்ணன் என் தலையில் கட்டிவிட்டுப் போன சாமான்களில் ஒன்று நின்டெண்டோ வீ என்கிற டிவி கேம் பெட்டி. கூடவே ஏறி நின்றால் எடை பார்க்கும் பேலன்ஸ் போர்டும், வீ ஃபிட் பிளஸ் என்கிற உடற்பயிற்சி கேம் டிஸ்க்கும். அடாப்டர் 120 வோல்ட். நேராக நம் பிளக்கில் செருகியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

முதல் வருடம் டிஸ்க்கிலேயே ஆடினேன். அப்புறம் எங்கள் தெருப் புழுதி உள்ளே போயிற்றோ என்னவோ, கரகரவென்று சத்தம். மூன்று முறை போட்டால் ஒருமுறை படிக்கும். விடியற்காலையில் அதோடு மல்லுக்கட்டுகிற பொறுமை இருந்திருந்தால் எனக்கு ஏன் தொப்பை போடப்போகிறது?

லெட்டர்பாம் என்கிற குறுக்குவழியில், வெளியார் எழுதிய நிரல்களையும் வீயில் ஓட்டவிடும் ஹோம்பிரூ சேனலைப் போட்டு, டிஸ்க் படிக்கும் லென்ஸ் முழுதாகப் படுப்பதற்குள் கிளீன்ரிப் என்கிற நிரலில் என் டிஸ்க்கை நகலெடுத்தேன். டிஸ்க்கின் முழு அளவு 4.37 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது என்பதால் துண்டு துண்டாகத்தான் வரும். கணினியில் அதை டபிள்யூபிஎஃப்எஸ் என்கிற வீ கேம் ஃபைல் வடிவத்துக்கு மாற்றி, பென்டிரைவிலிருந்து கேமை ஓட்டத் தேவையான டி2எக்ஸ் சிஐஓஎஸ், யுஎஸ்பி லோடர் ஜிஎக்ஸ் இரண்டையும் வீயில் நிறுவினேன். முதலில் பென்டிரைவே தெரியவில்லை. பின்பக்க 2 போர்ட்டில் ஓரத்தை ஒட்டியதில் செருகியதும் தெரிந்தது. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சரி, ஆட்டத்தில் வித்தியாசம் உண்டா? இல்லை. போர்டு புளூடூத்தில் பேசுவதால் கேம் எங்கிருந்து ஓடுகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் சத்தமில்லை, எழுந்துபோய் டிஸ்க் மாற்றும் வேலையில்லை. நான் அதிகம் செய்வது போர்டில் ஏறி இறங்கும் ஃப்ரீ ஸ்டெப். டிவியைச் செய்திக்கு மாற்றிவிடலாம். எப்போது கால் மாற்ற வேண்டும் என்று கையிலிருக்கும் ரிமோட்டே தாளம் போட்டுச் சொல்லும். கீழ்வீட்டு மாமி மேலே வந்து ஒரு பார்வை பார்த்த பிறகு போர்டுக்கு அடியில் ரப்பர் பாய் விரித்தேன்.

இரண்டாம் வருடம் பென்டிரைவ் செத்தது. எடைக் கணக்கு மொத்தமும் போச்சு என்று நொந்துபோய்ச் சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வேறு பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தால் வரைபடம் அப்படியே இருக்கிறது! கேம் பென்டிரைவில் இருந்தாலும் சேவ் ஃபைல் வீயின் உள் நினைவகத்தில்தான் போய் உட்காருமாம். எத்தனை நாளாக ஆளைக் காணோம் என்று கணக்குச் சொல்லி மானத்தையும் வாங்கியது.

அப்போதுதான் உறைத்தது: வீ செத்தால், பென்டிரைவில் கேம் பத்திரமாக இருந்து என்ன பயன்? பூட்மீ என்கிற நிரல் மூலம் உள் நினைவகம் முழுவதையும் எடுக்கும் நேண்ட் பேக்கப்பைத் திரும்ப ஏற்ற அதே வீ வேண்டும். அதனால் சேவ்கேம் மேனேஜர் ஜிஎக்ஸ் என்கிற நிரலில் சேவ் ஃபைலை மட்டும் தனியாக எஸ்டி கார்டில் எடுத்து வைக்கிறேன். மாதம் ஒருமுறை, போர்டின் 4 ஏஏ பேட்டரியைச் சார்ஜில் போடுகிற அன்றைக்கு.