ஆயிரம் ரூபாய்க்கு மளிகைப் பையா, கோழிக்குஞ்சா?

சேலத்தில் வேலை பார்க்கும் நாங்கள் பதினோரு பேர் மாதம் ஆளுக்கு ஆயிரம் போடுகிறோம். சங்கம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. பணம் போவது ஏற்காட்டுக்கு மேலே, நாகலூர்ப் பக்கம் இருக்கும் சில குடும்பங்களுக்கு. பாதிப் பேர் துண்டு நிலம் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், பேசுவது தமிழ்தான்). மீதிப் பேர் காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள். மூன்று வருடத்தில் மளிகைப் பை, கோழிக்குஞ்சு, விதை, மருத்துவ முகாம் என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை மட்டும் ஒன்றுதான்: ஒரு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் எதில் போட்டால் நிற்கும்?

முதலில் மளிகைப் பை. கொடுக்க எளிது, வாங்குகிறவர் முகத்தில் சந்தோஷம் உடனே தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கி நாங்கள் கட்டிய முதல் பையில் அரிசி, ரவை, சர்க்கரை, டீத்தூள், பிஸ்கட், அப்புறம் ஜவ்வரிசி. சேலத்துக்காரன் பை கட்டினால் ஜவ்வரிசி இல்லாமல் இருக்குமா? ஆனால் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, அவ்வளவுதான். அரிசியோ ரேஷனில் 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. அந்தியோதயா அட்டை (மிக ஏழைக் குடும்பங்களுக்கானது) என்றால் மாதம் 35 கிலோ. மூட்டை அரிசி இருக்கிற வீட்டுக்கு மலையேறிப் போய் இன்னொரு ஐந்து கிலோ அரிசி கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். குறைவாக இருந்தது பருப்பு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு உண்டு, ஆனால் அட்டைக்கு ஒரு கிலோதான். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது பத்து நாள் தாங்கினால் பெரிது. அதுவும் தண்ணீராகக் கரைத்த சாம்பாராக.

பிறகு பையை மாற்றினோம். அரிசி, ஜவ்வரிசி, பிஸ்கட் வெளியே. துவரம் பருப்பு மூன்று கிலோ, கேழ்வரகு இரண்டு கிலோ, நிலக்கடலை ஒன்றரைக் கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் உள்ளே. அதே ஆயிரத்துக்குள் முடிந்தது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல், வெள்ளை அரிசியில் பத்தைச் சுற்றித்தான். வேடிக்கை என்னவென்றால், கேழ்வரகும் சாமையும் இந்த மலையிலேயே விளைந்தவை. இலவச அரிசி வந்த பிறகு களி பல வீடுகளில் பாட்டியின் சாப்பாடாகிவிட்டது. பக்கத்துத் தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். என்னதான் மாற்றினாலும் பையின் அடிப்படைக் குறை மாறவில்லை: நாங்கள் ஒரு மாதம் போகவில்லை என்றால் அந்த மாதம் ஒன்றுமில்லை.

அதனால்தான் கோழி. ஒரு மாதக் குஞ்சு ஒன்று 110 ரூபாய், வீட்டுக்கு ஒன்பது. முதல் வருடம் மழை ஆரம்பிக்கும் நேரத்தில் இறக்கினோம். விற்றவர் ‘மருந்தெல்லாம் போட்டாச்சுங்க’ என்றார், நம்பிவிட்டோம். மூன்றாவது வாரம் வெள்ளைக் கழிச்சல் நோய். ஒரு வீட்டில் ஒன்பதில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அந்த வீட்டு அக்கா எங்களிடம் கோபப்படவில்லை. ‘விடு தம்பி, நீ என்ன பண்ணுவ’ என்றார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் முறை தடுப்பு மருந்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஒன்பதில் ஆறு நின்றது. கீரி இரண்டு, பருந்து ஒன்று. ஆறில் நான்கு பெட்டை. இங்கேதான் என் நண்பன் ஒரு கணக்குப் போட்டு வாயை அடைத்தான். நாட்டுப் பெட்டை வருடத்துக்கு ஐம்பது முட்டை வைத்தால் நான்குக்கும் 200. அடைக்குப் பாதி போனால் சாப்பிட நூறு. அதுவும் ஆறு மாதம் வளர்த்த பிறகு. அதே ஆயிரத்துக்கு நாமக்கல் முட்டை ஆறு ரூபாய் மேனிக்கு 160க்கு மேல் இன்றைக்கே கிடைக்கும்! முதல் வருடக் கணக்கில் பண்ணை முட்டைதான் ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனாலும் நான் கோழிப் பக்கம்தான். ஒன்று, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி முட்டை அட்டையை மாதா மாதம் கொண்டுபோக யாரால் முடியும்? இரண்டு, அடைவைத்தது இரண்டாம் வருடத்தில் குஞ்சாக வந்து நிற்கிறது. அதற்கு எங்கள் பணம் தேவையில்லை. மூன்றாவது யாரும் எதிர்பார்க்காதது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை ஏற்கெனவே கிடைக்கிறது, அங்கன்வாடியிலும் முட்டை உண்டு. எதுவும் கிடைக்காமல் இருந்தது அம்மாவுக்குத்தான். வீட்டில் கோழி இருந்தால் உடைந்த முட்டை, சின்ன முட்டை என்று ஏதோ ஒன்று அவள் தட்டுக்கும் போகிறது. சிலர் முட்டையை விற்றுவிடுகிறார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கு வருத்தம். விற்றால் என்ன? அந்தக் காசில் பருப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் போனுக்கு ரீசார்ஜ் செய்தார், அதுவும் செலவுதானே.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் பார்த்தால் இதைவிட மலிவு எதுவுமில்லை. வேலியில் அவரையும் கொல்லையில் கீரையும் நன்றாகவே வந்தன. ஆனால் முருங்கை மேலே அந்தக் குளிரில் அடிவாரத்தில் வருவதுபோல் வருவதில்லை, கோடையில் குடிக்கவே தண்ணீருக்கு நடக்கிறார்கள், போதாததற்குக் குரங்கு. காப்பிப் பழம் பறிப்பு நேரத்தில் விடிந்ததும் தோட்டத்துக்குப் போகிற பெண்ணிடம் போய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். லைன் வீட்டுக்காரர்களுக்கோ பாத்தி போட இடமே இல்லை.

மருத்துவத்தில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம், பேனர், பிரஷர் பார்த்தல், சத்து மாத்திரை, போட்டோ. பெரிய செலவு. அடுத்த மாதம் போனால், ரத்தம் குறைவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ரத்தசோகை அப்படி இல்லை, விடாமல் பின்தொடர வேண்டிய நோய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது.

ஒரு கர்ப்பிணிப் பெண் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்காமல். ‘போட்டா குமட்டுதுண்ணா, கருப்பாப் போகுது, பயமா இருக்கு.’ போட்ட நாட்களிலும் காலைக் காப்பியோடு போட்டிருக்கிறாள். காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது; காப்பி விளைகிற மலையில் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைத் தண்ணீரோடு போடு, கருப்பாகப் போவது மாத்திரையால்தான் என்று எங்களோடு வந்த நர்ஸ் அக்கா சொன்னார். பத்து நிமிடம், செலவு பூஜ்யம்.

முகாமுக்குப் பதிலாக இப்போது வண்டிச் செலவும் அன்றைய கூலியும் கொடுக்கிறோம். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் போய்வருகிற நாளின் கூலி போகிறதே. ஆயிரத்தில் ஒரு பெண் துணைக்கு ஒருவரோடு ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்துவிடலாம். போட்டோவுக்கு ஒன்றுமே இல்லாத செலவு இது. அதனாலேயே எங்கள் குழுவில் இதற்குக் கை தூக்க ஆள் குறைவு.

இந்த மாதத்துக்கு எப்படியோ ஒத்துப்போய்விட்டோம். நிலம் உள்ள ஐந்து வீட்டுக்குக் கோழி, லைன் வீடுகள் நான்குக்குப் பருப்புப் பை, மீதி இரண்டாயிரம் வண்டிக்கும் கூலிக்கும். கோழிகள் கூடடைந்த பிறகுதான் ஊசி போட முடியும் என்பதால் சனிக்கிழமை மதியம் கிளம்புகிறோம். மருந்து வைக்க ஐஸ் போட்ட பிளாஸ்க் என் பொறுப்பு.