450 ரூபாய்க்கு ஷியா பட்டர் என்று வாங்கியது பாரஃபின்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு ஃபேன்ஸி கடையில் 'சுத்தமான ஷியா பட்டர்' என்று டப்பா விற்கிறார்கள். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மார்கழி வந்தால் அம்மாவுக்குக் குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். "ஆப்பிரிக்கா கொட்டையில எடுக்கிற வெண்ணெய்க்கா, கெமிக்கலே கிடையாது" என்றார் கடைத் தம்பி. ஷியா மேற்கு ஆப்பிரிக்க மரம்தான், அதுவரை சொன்னது உண்மை. 100 கிராம் 450 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் விலையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

நல்ல ஷியா உள்ளங்கைச் சூட்டிலேயே இளகிவிடும். இது தேய்க்கத் தேய்க்க மெழுகு மாதிரி திரித்திரியாக உருண்டது. மல்லிகை வாசம் வேறு தூக்கல். வெடித்த தோலில் வாசனைப் பொருள் பட்டால் கேட்கவா வேண்டும், மூன்றாம் நாள் எரிச்சலில் அம்மா ராத்திரி தூங்கவே இல்லை.

டப்பா அடியில் இருந்த பளபள ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். உள்ளே இன்னொரு லேபிள்: லிக்விட் பாரஃபின் (பெட்ரோலியத்தில் எடுக்கிற எண்ணெய்), பெட்ரோலேட்டம் (அதாவது பெட்ரோலியம் ஜெல்லி), மெழுகு, பினாக்ஸி எத்தனால், வாசனை, கடைசியில் ஷியா பட்டர். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரலாம். பினாக்ஸி எத்தனால் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் பின்னால் நிற்கிற ஷியா 100 கிராமில் ஒரு கிராம் இருந்தாலே அதிகம். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண் எதுவும் இல்லை.

பாரஃபினும் பெட்ரோலேட்டமும் கெட்டவை இல்லை. தோலின் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகர் குறைவு. அதை மெழுகோடு கலந்து ஷியா விலைக்கு விற்றதுதான் வயிற்றெரிச்சல்.

"திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம்க்கா" என்று சொல்லிவிட்டார்கள். ஜிபேயில் பணம் போட்டதால் அந்த ஆதாரமாவது இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போது வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் மருந்துக்கடைப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி சாக்ஸ் போட்டுக்கொள்கிறார். சாட்சிக்கு டப்பாவை மட்டும் வைத்திருக்கிறேன். உள்ளே மிச்சமிருந்ததை அம்மா வழித்து வாசல் கதவுக் கீலுக்குப் போட்டுவிட்டார், கீச்சுச் சத்தம் நின்றிருக்கிறது.