பழைய பின்பால் ஆட அலமீடாவா, லாஸ் வேகஸா?

கண்ணாடிக்கு அடியில் சாய்வான தளத்தில் உருளும் பந்தைக் கீழே விழாமல் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் காசு மெஷின்தான் பின்பால். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வருகிறவர்கள் பழைய, அரிய பின்பால் மெஷின்களைப் பார்க்க ஆசைப்பட்டால் நான் கைகாட்டுவது மூன்று இடங்கள். சான்ஃப்ரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், அலமீடா என்ற தீவு ஊரில் இருக்கும் பசிபிக் பின்பால் மியூசியம் ஒன்று. லாஸ் வேகஸில் இருக்கும் பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் இன்னொன்று. மூன்றாவது, கோடையில் ஒரு வார இறுதிக்கு மட்டும் சான்டா கிளாராவில் நடக்கும் கலிஃபோர்னியா எக்ஸ்ட்ரீம் கண்காட்சி. போன விடுமுறையில் இவற்றில் ஒன்றுக்குத்தான் எனக்கு நேரம் இருந்தது. அலமீடா வீட்டுக்குக் கிட்ட. இருந்தாலும் லாஸ் வேகஸுக்குத்தான் வண்டியை எடுத்தேன். நாளைக்கே மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அங்கேதான் போவேன். காரணம் ஒன்றே ஒன்று: அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு போட்டாக வேண்டும்.

இதை விளக்குவதற்கு முன்னால் தூரம், செலவு சமாச்சாரங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சான்ஃப்ரான்சிஸ்கோ வட்டாரத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அலமீடா அரை நாள் வேலை. லாஸ் வேகஸுக்குக் காரில் ஒன்பது மணி நேரம் பிடிக்கும் என்பதால் வேறு ஊர்சுற்றலோடு சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டுமே லாப நோக்கமில்லாத அமைப்புகள். இரண்டு இடத்திலும் மெஷின்கள் ஆடுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அலமீடாவில் வாசலில் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டால் அப்புறம் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். வேகஸில் நுழைவு இலவசம், ஆட்டத்துக்குத்தான் காசு. பழைய மெஷின்கள் பெரும்பாலும் 25 சென்ட். புதியவை 50 சென்ட், ஒரு டாலர் என்று ஏறும்.

வரலாற்றை வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அலமீடாவை அடிக்க ஆளில்லை. வெப்ஸ்டர் தெருவில் கடைகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடத்தில் அறைகள் காலவாரியாக அமைந்திருக்கின்றன. அந்தந்தக் காலத்துப் பாட்டுகளோடு ஜூக்பாக்ஸ்களும் உண்டு. ஸ்பிரிங் வைத்த தண்டை இழுத்து விட்டுப் பந்தை ஏவும் முறைக்கு மாண்டேகு ரெட்கிரேவ் 1871இல் காப்புரிமை வாங்கினார். 1931இல் டேவிட் காட்லீப் ‘பேஃபிள் பால்’ மெஷினைக் கொண்டுவந்தார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த நாளில் ஒரு பென்னி, அதாவது ஒரு சென்ட், போட்டால் சில பந்துகள் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் பந்தை மேலே அடிக்கும் சின்னக் கை, அதாவது ஃப்ளிப்பர் என்ற ஒன்றே அப்போது கிடையாது. ஆணிகளுக்கு நடுவே பந்து உருண்டு ஏதாவது ஒரு குழியில் விழும், அவ்வளவுதான். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் ஹாரி மாப்ஸ் ஆறு ஃப்ளிப்பர்களைப் பொருத்தினார். மறு வருஷமே ஜென்கோ நிறுவனத்தின் ‘ட்ரிபிள் ஆக்‌ஷன்’ மெஷினில் ஸ்டீவ் கோர்டெக் அவற்றை இரண்டாகக் குறைத்து, அடியில் இன்று நாம் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார். இந்த வளர்ச்சியெல்லாம் அலமீடாவின் அறைகளில் நடக்க நடக்க விளங்கும். உடலே கண்ணாடி மாதிரி தெரிகிற ‘விசிபிள் பின்பால்’ என்று ஒரு மெஷினும் செய்து வைத்திருக்கிறார்கள். பட்டால் புள்ளி கொடுக்கும் முளையான பம்பரில் பந்து பட்டதும் உள்ளே எந்த ரிலே (மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, எந்தச் சக்கரம் ஒரு பல் நகர்கிறது என்பதையெல்லாம் ஆடிக்கொண்டே பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், அலமீடாதான்.

அப்படியானால் ஏன் வேகஸ்? 1950களின் மரச்சட்டம் போட்ட மெஷின் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். எண்கள் உருளும் சக்கரம் பெரும்பாலும் அதில் இருக்காது. எதிரே இருக்கும் கண்ணாடியில் ஆயிரம், பத்தாயிரம், லட்சம் என்று எழுதியிருக்கும். அவற்றுக்குப் பின்னால் விளக்கு எரிவதுதான் புள்ளிக்கணக்கு. கீழே ஓரத்தில் ஒரு சிறிய அட்டை இருக்கும். இத்தனை புள்ளி எடுத்தால் ஓர் ஆட்டம் இலவசம், இந்த எண் வரிசையின் விளக்குகளை முழுக்க எரியவைத்தால் இன்னொன்று இலவசம் என்று அதில் போட்டிருக்கும். அதை எட்டியவுடன் பெட்டிக்குள் ஒரு தண்டு மரத்தில் ஓங்கி இடிக்கும். ‘டொக்’ என்று கூடம் முழுக்கக் கேட்கும். கையிருப்பிலுள்ள இலவச ஆட்டங்களைக் காட்டும் சின்னச் சாளரத்தில் எண் ஒன்று கூடும்.

மெஷினின் மையமே அந்த டொக்தான். ஒரு காசு போட்டவர், அடுத்த காசுக்குப் பையில் கை விடாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்ற போட்டியைத்தான் அந்த வடிவமைப்பாளர்கள் மரத்திலும் கம்பியிலும் கட்டினார்கள். டிக்கெட் வாங்கிவிட்டு எல்லாமே இலவசமாக ஆடும் இடத்தில் ‘இலவச ஆட்டம்’ என்ற பரிசுக்கு மதிப்பே இல்லை. டொக் சத்தம் கேட்டாலும் அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. மெஷின் அப்படியே இருக்கிறது, ஆட்டம் மட்டும் வேறாகிவிடுகிறது.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்று தோன்றினால் பின்பாலின் வழக்கு வரலாற்றைப் பாருங்கள். சண்டை முழுக்க அந்தக் காசையும், அதற்குக் கிடைக்கும் பரிசையும் சுற்றித்தான் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் 1939இலேயே தடை போட்டது, 1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. நியூயார்க்கில் மேயர் லாகார்டியா 1942இல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தார். மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்துப் புகைப்படத்துக்கும் நின்றார். 1976 வரை அங்கே அது சட்டவிரோதம். அந்த வருஷம் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபையினர் முன்னால் ஆடிக் காட்டினார். பந்தை எந்தத் தடத்தில் இறக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தண்டை இழுத்து விட்டார். சொன்ன தடத்திலேயே பந்து இறங்கியது. இது அதிர்ஷ்டமில்லை, திறமை என்று ஒப்புக்கொண்டு தடையை எடுத்தார்கள். அலமீடாவுக்கு நேர் எதிரே கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓக்லாந்தில் இதே மாதிரி ஒரு பழைய தடைச் சட்டம் 2014 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இலவச ஆட்டமே பரிசு, பரிசு இருந்தால் சூதாட்டம் என்று பல மாநிலங்கள் கருதின. அதைச் சமாளிக்கத்தான் காட்லீப் 1960இல் ‘ஃப்ளிப்பர்’ என்ற பெயரிலேயே ஒரு மெஷினை இறக்கியது. அதில் ஜெயித்தால் இலவச ஆட்டம் கிடையாது, நடக்கிற ஆட்டத்திலேயே பந்து ஒன்று கூடும். ஒரு பரிசுக்காக இவ்வளவு சட்டமும் இவ்வளவு தந்திரமும் ஓடியிருக்கிறது. அந்தப் பரிசு உயிரோடு இருக்கிற இடத்தில் போய் ஆடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கையிலும் வித்தியாசம் தெரியும். 1968இல் வில்லியம்ஸ் நிறுவனம் மூன்று அங்குல ஃப்ளிப்பரைக் கொண்டுவரும் வரை ஃப்ளிப்பர் இரண்டு அங்குலம்தான். நடுவில் இடைவெளி அகலம், பந்து மெதுவாக வரும், ஃப்ளிப்பர் அடிக்கிற அடியிலும் வேகம் குறைவு. அதனால் பழைய மெஷினைப் பொத்தானால் மட்டும் ஆட முடியாது, உடம்பால் ஆட வேண்டும். பந்து பம்பரைத் தொடுகிற நேரத்தில் பெட்டியை லேசாகத் தட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் உள்ளே தொங்கும் குண்டு சுற்றியிருக்கும் வளையத்தில் பட்டு ‘டில்ட்’ விழும், ஆட்டம் செத்துவிடும். காசு போட்ட ஆட்டத்தில் அந்தத் தட்டு எவ்வளவு அளந்து வருகிறது என்று பாருங்கள்! டிக்கெட்டில் ஆடும்போது டில்ட் விழுந்தால் மறுபடி பொத்தானை அழுத்தினால் போதும். அலமீடாவில் கடைசிப் பந்து மிச்சமிருக்கும்போதே என் கண் அடுத்த மெஷினுக்குப் போய்விடும். வேகஸில் கடைசிப் பந்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆட்டம் முடிந்த பிறகும் நகர மாட்டேன். பல மெஷின்களில் முடிவில் ஓர் எண் தானாக வந்து நிற்கும். அது நம் புள்ளியின் கடைசி எண்ணோடு பொருந்தினால் இன்னோர் ஆட்டம். பத்தில் ஒரு வாய்ப்பு. அதற்காகவும் நிற்கத்தான் தோன்றுகிறது.

பணம் பெரிதாகப் போகிறது என்றும் சொல்ல முடியாது. பழைய மெஷினில் ஒரு டாலருக்கு நான்கு ஆட்டம். கைக்கு வந்துவிட்ட மெஷினில் அந்த நான்கு ஐந்தாகும், ஆறாகும்.

பராமரிப்பையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். மின்சாரமும் இயந்திரமுமாக ஓடும் இந்தப் பழைய மெஷின்களில் சிப் எதுவும் கிடையாது. ரிலேக்கள், பல் சக்கரங்கள், நூற்றுக்கணக்கான மின் தொடுப்புகள். ஒரு தொடுப்பில் அழுக்கு ஏறினால் ஒரு பம்பர் புள்ளி கொடுக்காது, வரிசையில் ஒரு விளக்கு எரியாது. ஆடுகிறவருக்கு அது உடனே தெரியாமலும் போகும். டிக்கெட் முறையில் இப்படி ஒரு குறை பட்டால் ஆடுகிறவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பக்கத்து மெஷினுக்குப் போய்விடுவார், யாரிடமும் சொல்ல மாட்டார். காசு போட்டவர் சொல்லுவார். அதோடு, ஓடாத மெஷினின் காசுப் பெட்டி காலியாகவே இருக்கும். எது நலமாக இருக்கிறது, எது இல்லை என்பதை அந்தப் பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அலமீடாவில் மெஷின்களை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் காசு முறைக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு இருக்கிறது. ஹால் ஆஃப் ஃபேமை நிறுவிய டிம் ஆர்னால்ட், முன்பு மிச்சிகனில் காசு போட்டு ஆடும் கூடங்களை நடத்தியவர். செலவு போக மிஞ்சுவதை சால்வேஷன் ஆர்மி போன்ற அறப்பணிகளுக்குக் கொடுத்துவருவது அந்த இடத்தின் வழக்கம். நான் போட்ட 25 சென்ட் அந்த மெஷினுக்கே சோறு போடுகிறது என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அரிய மெஷின் என்று வந்தால் வேகஸில் ஒன்றை விடவே கூடாது: ‘தி பின்பால் சர்க்கஸ்’. பைத்தான் ஆங்கெலோ வடிவமைத்து 1994இல் முன்மாதிரியாக வந்தது. வீடியோ கேம் பெட்டி அளவுக்குள் ஆடுதளத்தை மாடி மாடியாக மேலே தூக்கியிருக்கிறார்கள். பந்து தளத்துக்குத் தளம் ஏற வேண்டும். செய்ததே இரண்டுதான் என்பார்கள். சந்தைக்கு வராத ஒரு யோசனையைக் கையால் ஆடிப் பார்ப்பது தனி சந்தோஷம்.

நான் சொல்லும் காசுக் கணக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930களின் மெஷின்களுக்கு அது அவ்வளவு ஒட்டாது, அவற்றுக்கு அலமீடாதான். 1977க்குப் பிறகு மின்னணு மெஷின்கள் பரவி, 90களில் ஆட்டம் ஒரு நீண்ட கதையாகிவிட்டது. 1992இன் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,000க்கு மேல் விற்றது. அதில் விதிகள் பிடிபடவே பல ஆட்டம் வேண்டும். அப்படிப்பட்டவற்றை டிக்கெட்டில் ஆடிப் பழகுவதுதான் நல்லது. நான் காசுக்காக வாதாடுவது 1950களிலிருந்து 70களின் நடுப்பகுதி வரை வந்தவற்றுக்குத்தான்.

கலிஃபோர்னியா எக்ஸ்ட்ரீமைப் பற்றி என்னால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். 1997இலிருந்து நடக்கிறது. தனியார் சேகரிப்பிலிருந்து மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அதனால் வேறெங்கும் கண்ணில் படாதவை அங்கே படும், வருஷத்துக்கு வருஷம் மாறவும் செய்யும். அங்கேயும் டிக்கெட் முறைதான். நான் சனிக்கிழமை கூட்டத்தில்தான் போயிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனதில்லை. அதனால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் கண்ணில் பட்டது இதுதான்: மெஷினின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். கண்ணாடியைத் தூக்கி உள்ளே காட்டச் சொன்னால் ஆசையாகக் காட்டுகிறார். வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு மற்ற இரண்டையும்விட அதுதான் உபயோகம்.

வேகஸ் என்று முடிவு செய்தால் காலையிலேயே போய்விடுங்கள். ‘வெல்கம் டு லாஸ் வேகஸ்’ பலகை இருக்கும் அதே சாலையில்தான் 2021இலிருந்து இருக்கிறது, ‘பின்பால்’ என்ற பெரிய எழுத்துகளைத் தவறவிட முடியாது. 20 டாலரைக் குவார்ட்டர்களாக, அதாவது 25 சென்ட் காசுகளாக, மாற்றிக்கொள்ளுங்கள். புது மெஷின்களின் வெளிச்சத்தைத் தாண்டி முதலில் காட்லீப்பின் பழைய ஒற்றை ஆள் மெஷின் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஓரத்து அட்டையைப் படித்துவிட்டு, முதல் டொக் கேட்கும் வரை அந்த ஒன்றிலேயே நின்று ஆடுங்கள்.