மொறிஸ் மைனருக்கு மீற்றர் போர்ட்: நாலு வருட ஓட்டத்துக்குப் பிறகு

மொறிஸ் மைனர் 1000-ல் கொம்பனி தந்தது நடுவில் ஒரேயொரு பெரிய மீற்றர். வேகமும் பெற்றோலும் அதுக்குள்ளேயே. ஒயிலுக்கு ஒரு லைற், சார்ஜுக்கு ஒரு லைற். தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்றுமே இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து ஓடும் 948 சிசி எஞ்சினுக்கு இது போதாது. ஆகவே நடு மீற்றரைத் தொடாமல், ஸ்டியரிங் பக்கமாக நாலு 52 மி.மீ. மீற்றர் கொண்ட பலகை: ஒயில் பிறசர், சூடு, வோல்ற், பெற்றோல்.

முதலில் பார்க்க வேண்டியது பற்றறி. பழைய இங்கிலிஷ் கார்களில் கனக்க பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனை காரின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். இன்று கடையில் கிடைக்கும் எலெக்ட்ரோனிக் மீற்றரும் எல்ஈடியும் அதில் வேலை செய்யா. சிலது எரிந்தே போகும். நெகற்றிவுக்கு மாற்றுவது அரை நாள் வேலை. பற்றறியைத் திருப்பி, இக்னிஷன் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். டைனமோவில் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பற்றறி பொசிற்றிவிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் என்ற முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், அவ்வளவுதான். இதை விட்டால் டைனமோ தலைகீழாக சார்ஜ் பண்ணும். பொசிற்றிவ் முனை மற்றதைவிடத் தடிப்பு. கிளாம்ப் பொருந்தாது, மாற்ற வேண்டி வரும்.

பலகைக்குத் தேக்குத்தான் வடிவு. ஆனால் 6 மி.மீ. தனித் தேக்கு வாடைக்காலத்து ஈரத்தில் வளைகிறது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் மெல்லிய தேக்குப் படை ஒட்டியது இன்னும் நேராக நிற்கிறது. துளைகளின் உள்விளிம்புக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். மையத்துக்கு மையம் 70 மி.மீ. விடுங்கள், 60 என்றால் வளையங்கள் முட்டும். முதலில் அட்டையில் வெட்டி, சீற்றில் இருந்து ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளால் எது தெரிகிறது என்று பாருங்கள். ஒயில் பிறசருக்குத்தான் நல்ல இடம். பின்பக்க நட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும். குறடு பிடித்தால் உள்ளே தண்டு சுழன்று மீற்றர் போய்விடும்.

இனி எர்த். கராச்சில் எந்த அண்ணையிடம் போனாலும் முதல் கேள்வி, “எர்த் குடுத்தனியோ?” சரியான கேள்வி. கொம்பனி டாஷ்போர்ட் இரும்பு. மீற்றரின் உடம்பு அதில் தொட்டாலே எர்த். மரத்தில் பொருத்தியதும் அந்த வழி அறுந்து போகிறது. சூடும் பெற்றோலும் மெதுவாக ஏறும் பழைய ஸ்மித்ஸ் மீற்றர்களாக இருந்தால், அவற்றுக்குச் சராசரி 10 வோல்ற் கொடுக்கும் ஸ்டெபிலைசர் பின்னால் இருக்க வேண்டும். அதன் தகரக் கூடுதான் அதன் எர்த். மரத்தில் திருகினால் 12 வோல்றும் நேரே போய் எல்லா முள்ளும் மேலே நிற்கும், பிறகு மீற்றரே கருகும். சென்டர் (எஞ்சினிலோ ராங்கியிலோ இருந்து மீற்றருக்கு அளவை அனுப்பும் உறுப்பு) பக்கத்தில் எர்த் கெட்டால் நடப்பது நேர்மாறு: எஞ்சின் கொதிக்க, சூட்டு முள் பேசாமல் கீழே கிடக்கும். இதுதான் ஆபத்தானது. சிலிண்டர் ஹெட்டில் சென்டருக்குத் துளை இல்லாமல் றேடியேற்றர் மேல் ஹோஸின் நடுவில் அடப்ரர் போட்டவர்கள் கவனிக்க: இரண்டு பக்கமும் றப்பர், எர்த் எங்கிருந்து வரும்? அடப்ரரிலிருந்து எஞ்சினுக்குத் தனி வயர் இழுங்கள். மரையில் வெள்ளை ரேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றினாலும் இதே கதைதான்.

நாலு மீற்றருக்கும் ஒரு கறுப்பு வயரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டி, இரண்டு முனையையும் காரின் இரும்பு உடம்பில் வேறு வேறு இடத்தில் திருகினால், ஓரிடம் கழன்றாலும் மற்றது காக்கும். காரைநகர்ப் பக்கம் பொன்னாலைப் பாலத்தால் அடிக்கடி ஓடும் காரில் சும்மா செப்பு முனைகள் ஒரு வருடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈயம் பூசிய வயர் எடுங்கள், முனைகளில் வாஸ்லின் தடவுங்கள். ஹெட்லைற்றைப் போட்டவுடன் முள் அசைந்தால் வேறெதையும் கழற்ற வேண்டாம், எர்த்தைத்தான் பாருங்கள்.

கரண்ட் எடுப்பது பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து, பச்சை வயர். இடையில் 5 அம்பியர் பியூஸ் ஒன்று.

ஒயில் பிறசருக்கு மெக்கானிக்கல் மீற்றரே நல்லது. மின்சாரக் கோளாறு அதைத் தொடாது. ஆனால் சூடான ஒயில் காலடிக்கு மேலே வருகிறது என்பதை மறக்கக்கூடாது. செப்புக் குழாயானால் எஞ்சின் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று சுற்று சுருள் விடுங்கள். விடாவிட்டால் முனையில் வெடிக்கும். மரையில் 1/8 பிஎஸ்பியும் (பிரித்தானிய அளவு) என்பிரியும் (அமெரிக்க அளவு) பார்வைக்கு ஒன்று. முதலாவதுக்கு அங்குலத்துக்கு 28 புரி, மற்றதுக்கு 27. இரண்டு சுற்று போய் இறுகினால் வற்புறுத்த வேண்டாம். சூடேறிய எஞ்சினில் ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15 அளவு சரி. 90களின் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த முள்ளின் அருமை தெரியும்: எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கப் பண்ண, முள் நாளுக்கு நாள் தாழும்.

ராங்கியிலுள்ள சென்டரைப் பாராமல் பெற்றோல் மீற்றரைத் தனியாக வாங்குவது வீண் செலவு. ஜெர்மன் விடிஓ கொம்பனி வகைக்கு வெறும் ராங்கியில் 10 ஓம், நிறைந்தால் 180. அமெரிக்க வகைக்கு வெறுமையில் 240, நிறைவில் 33. மாறிப் போட்டால் வெறும் ராங்கி நிறைந்ததாகக் காட்டும். பழைய சென்டரைக் கழற்றி, மிதவையைக் கையால் தூக்கி மல்ரிமீற்றரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சூட்டு சென்டரில் சுண்ணாம்பு படிந்தால் முள் பிந்தி ஏறும். வருடம் ஒருக்கா கழற்றி வினாகிரியில் ஊறவிட்டால் போதும். ஆனி, ஆடியில் சோழகம் முதுகில் அடிக்கப் பருத்தித்துறைக்குப் போகும்போது முள் வழமையைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். றேடியேற்றருக்குக் காற்று குறைவு, கோளாறல்ல.

அம்மீற்றர் வேண்டாம். ஸ்ராட்டர் தவிர்ந்த கார் கரண்ட் முழுக்க அதுக்குள்ளால் ஓட வேண்டும், ஒரு நட்டு தளர்ந்தால் நெருப்பு. வோல்ற் மீற்றரில் நின்றபடி 12.6, ஓட்டத்தில் 14 அளவு. டைனமோ காரில் ஐட்லிங்கில் 12-க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம்.

வெளிச்சத்துக்கு எல்ஈடி நல்லது, மரத்துக்குச் சூடு இல்லை. டைனமோவுக்குப் பதிலாகப் பிறகு ஒல்ரனேற்றர் போடுகிறவர்கள் சார்ஜ் லைற்றில் மட்டும் பழைய 2.2 வாற் பல்பையே விடுங்கள். அந்தப் பல்பால் போகும் கரண்ட்தான் ஒல்ரனேற்றரை எழுப்புகிறது. எல்ஈடி போட்டால் ஒருதரம் இரைச்சலாக அக்சிலேற்றரை மிதிக்கும் வரை சார்ஜ் வராது.