எச்பி5 பிளஸ்: கடற்கரைக்கு ஆரஞ்சு ஃபில்டர், வீட்டுக்குப் பனிக்கட்டி

இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் 1989இல் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம். வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஐஎஸ்ஓ 400. மொரீஷியஸில் கடற்கரை, வீடு, கோயில் மூன்றுக்கும் ஒரே ஃபிலிமை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். ஆனால் நம் ஊர் வெயிலையும் குழாய்த் தண்ணீரின் சூட்டையும் கணக்கில் கொள்ளாவிட்டால் இந்த நல்ல ஃபிலிமிலும் சுமாரான படம்தான் கிடைக்கும்.

முதலில் வெயில். தெளிவான நண்பகலில் ஐஎஸ்ஓ 400க்கு ஷட்டர் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப்/16 என்பது பொதுக் கணக்கு. கிழக்குக் கரையில் பெல் மாரின் வெள்ளைப் பவள மணலும், பவளப் பாறைத்திட்டுக்கு உள்ளே அடங்கிய லகூன் நீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெளிச்சம் இன்னொரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூடிவிடும்; துளையை எஃப்/22க்குச் சுருக்க வேண்டும். ஜெனிட்-இ போன்ற பழைய கேமராக்களின் உச்ச ஷட்டர் வேகமே 1/500தான். பல 50 மி.மீ. லென்ஸ்கள் எஃப்/16ஓடு நின்றுவிடும். எஃப்/22 வரை போகும் லென்ஸிலும் அந்தத் துளையில் கூர்மை குறையும்.

இதற்கு நல்ல வழி ஆரஞ்சு ஃபில்டர். ஏறக்குறைய 2 ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கிவிடுவதால் எஃப்/11க்கு வந்துவிடலாம். வெளிச்சம் குறைவது மட்டுமல்ல லாபம். வானமும் லகூனின் நீலமும் அடர்ந்துபோக, தொலைவில் பாறைத்திட்டில் உடையும் அலையின் வெள்ளைக் கோடு பளிச்சென்று தனித்து நிற்கும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் வானம், நீர், நுரை எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். மஞ்சள் ஃபில்டர் 1 ஸ்டாப்தான் குறைக்கும், விளைவும் மென்மையாக இருக்கும். சிவப்பு சுமார் 3 ஸ்டாப் எடுத்துக்கொண்டு வானத்தைக் கறுக்கடித்துவிடும். ஆள் படத்துக்குச் சிவப்பு வேண்டவே வேண்டாம்: நம் மாநிறத் தோலை வெளுக்க வைத்து, உதட்டின் நிறத்தையும் அழித்துவிடும். முகங்களுக்கு மஞ்சளே போதும்.

தெற்கே சுயாக் பக்கம் க்ரிக்ரி கரையில் பாறைத்திட்டு கிடையாது. அலை நேராகக் கரும்பாறையில் வந்து மோதும். அங்கே வெளிச்ச அளவியைப் பாறையின் நிழல் பக்கம் காட்டி, அது சொல்வதைவிட 2 ஸ்டாப் குறைத்து எடுங்கள். நிழலையே அளந்து குறைப்பதால் அது விவரம் போகாமல் கருமையாக நிற்கும். நுரையைக் காட்டி அளந்தால் பாறை விவரமே இல்லாத கரிக்கட்டியாகிவிடும். எச்பி5 பிளஸ் 2 ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும். குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது, 1 ஸ்டாப் குறைந்தாலே நிழலில் இருப்பது காணாமல் போகத் தொடங்கும்.

அங்கே தெறிக்கும் உப்புத்துளி லென்ஸில் காய்ந்துவிட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்த பிறகே துடைக்க வேண்டும். ஃபிலிம் மாற்றுவது சவுக்கு மர நிழலில், காற்றுக்கு முதுகைக் காட்டி. ஃபிலிம் சுருளின் வாயில் இருக்கும் வெல்வெட்டில் ஒரு மணல் ஒட்டினாலும் போதும், நெகட்டிவ் முழுக்க நீளவாக்கில் கீறல் விழும்.

கோயில் மண்டபத்திலும் வீட்டுக்குள்ளும் கதை தலைகீழ். அங்கே 400 போதாது, ஃபில்டரையும் கழற்றிவிட வேண்டும். இதே ஃபிலிமை 1600ஆக வைத்து எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டலாம். தண்ணீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 பாகை செல்சியஸில் 400க்கு 7 நிமிடம் 30 நொடி, 800க்கு 10 நிமிடம் 30 நொடி, 1600க்கு 14 நிமிடம். 1600இல் படத்தில் துகள் துகளாக மணிகள் தெரியும், அது பரவாயில்லை. நிழல் விவரம் போவதுதான் உண்மையான இழப்பு, நேரத்தைக் கூட்டினாலும் அது திரும்பி வராது. ஆகவே கை நடுங்காமல் 1/30இல் பிடிக்க முடிகிறவர்கள் 800ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது. விளக்கைச் சேர்த்து அளந்தால் முகம் இருண்டுவிடும், முகத்தை மட்டும் அளக்க வேண்டும். ஒரு சுருளில் பாதியை 400, மீதியை 1600 என்று எடுக்க முடியாது என்பதால் காவடி நாளுக்கு 24 படச் சுருளை வாங்கி, வேகத்தைச் சுருள் மேலேயே எழுதி வையுங்கள். எங்கே எடுக்கலாம் என்று முன்கூட்டியே கோயிலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் டெவலப் செய்யும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இல்ஃபோர்டு தரும் நேரமெல்லாம் 20 பாகைக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடலோர ஊர்களில் குழாய்த் தண்ணீர் 25ஐ எளிதில் தாண்டும். அந்தச் சூட்டில் தண்ணீர் கலக்காத ஐடி-11 ஊற்றினால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே சுருங்கிவிடும். ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில நொடிகளே பெரிய பங்காகி, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் 400க்கு 1+1 கலவையே சரி: 150 மி.லி. ஐடி-11, 150 மி.லி. தண்ணீர். பேட்டர்சன் டெவலப் தொட்டியில் ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 290 மி.லி. போதும். 20 பாகையில் 13 நிமிடம், 24இல் சுமார் 9 நிமிடம்.

சூட்டைக் குறைக்க மருந்தில் பனிக்கட்டி போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலை அதில் மிதக்கவிட்டு, தொட்டியையும் மருந்துப் புட்டிகளையும் அதற்குள் நிறுத்துங்கள். முதல் 10 நொடியில் 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே 4 முறை. ஒவ்வொரு தடவையும் தொட்டியை மேசையில் லேசாகத் தட்டினால் குமிழி ஒட்டாது. வேலை முடிந்த 1+1 கலவையைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்து டெவலப் ஆவதை நிறுத்தும் ஸ்டாப் பாத், பிறகு படத்தை நிலைப்படுத்தும் 1+4 ரேப்பிட் ஃபிக்ஸர்: 60 மி.லி. மருந்துக்கு 240 மி.லி. தண்ணீர், 2 முதல் 5 நிமிடம். பழைய ஃபிக்ஸர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஃபிலிமின் நுனித்துண்டை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். புது மருந்தில் தெளியும் நேரத்தைப்போல் இரட்டிப்பானால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. நெகட்டிவ் பால்போலக் கலங்கியிருந்தால் இன்னும் ஃபிக்ஸ் ஆகவில்லை என்று பொருள். திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

தண்ணீர் நேரம் பார்த்து வரும் வறண்ட மாதங்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ முடியாது. தொட்டியை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, கடைசியாக 20 முறை. ஒரு சுருளுக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது. கழுவும் தண்ணீரும் மருந்தின் சூட்டிலிருந்து 5 பாகைக்கு மேல் விலகக் கூடாது.

கியூர்பிப் போன்ற மழை மேட்டில் நெகட்டிவ் காய இரவு முழுதும் ஆகலாம். ஜன்னல் சாத்திய குளியலறையில் தொங்கவிடுங்கள். மின்விசிறி போட்டால் தூசி ஒட்டும். எடுக்காத சுருள்கள் குளிர்பெட்டியில் இருந்தால், வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காதீர்கள், ஈரம் ஃபிலிமில் படியும். காய்ந்த நெகட்டிவ்களை உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் மெல்ல உலர்த்தித் திரும்பப் போடலாம்.