மேப்பா, வெப்சைட்டா, விளம்பரமா: ஒரு ஏசி கடையின் கணக்கு

மதுரையில் என் மச்சான் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு ஷட்டர், இரண்டு பையன்கள், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். "கூகுள்ல நம்ம பேரு மேல வரணும் மாப்ள, எவ்வளவு ஆகும்?" என்றார்.

வழி மூன்று: கூகுள் மேப்பில் கடையைப் பதிவது, சொந்த வெப்சைட்டை மேலே கொண்டுவருவது, கிளிக்குக்குக் காசு கட்டி விளம்பரம் போடுவது.

மேப்புக்குக் காசு கிடையாது. பக்கத்தில் ஏசி சர்வீஸ் எங்கே என்று தேடினால், மேப்போடு சேர்ந்து பெரும்பாலும் மூன்று கடைகள் தெரியும். பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை என்று கூகுளே சொல்கிறது. தூரத்தில் நம் கை ஓங்காது. வில்லாபுரத்துக் கடை ஆனையூரில் இருப்பவருக்கு முதலில் தெரிவது கஷ்டம். சேவை செய்யும் பகுதிகள் என்று 20 இடம் வரை குறிக்கலாம், சரி. குறித்த இடத்தில் எல்லாம் மேலே ஏறிவிடுவோம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நம் கையில் இருப்பது ரிவ்யூ. ஐந்து ஸ்டாரும் "சூப்பர்" என்ற ஒரு சொல்லும் கடைக்குக் கொஞ்சம்தான் உதவும். ஒரு அம்மா, "ஸ்பிளிட் ஏசியில தண்ணி ஒழுகுச்சு, டிரெயின் பைப் அடைப்ப எடுத்துட்டாங்க, சொன்ன காசுக்கு மேல கேக்கல" என்று எழுதினார். அதே கோளாறைத் தேடுகிறவருக்கு அந்த வரியையே கடை பெயருக்குக் கீழே கூகுள் எடுத்துக் காட்டுவது உண்டு. ஆனால் ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவது விதிமீறல். இன்னொன்று: போர்டில் இருக்கும் பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு விளம்பர ஆள், பெயரோடு "பெஸ்ட் ஏசி ரிப்பேர் மதுரை" என்று ஒட்டிவிட்டுப் போனார். பதிவு முடங்கியது, அதுவும் அக்னி நட்சத்திரத்தில். மச்சான் இன்னும் அவரைத் திட்டி முடிக்கவில்லை.

வெப்சைட் மெதுவாகப் பழுக்கிற காய். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். இங்கே நடக்கிற பெரிய ஏமாற்று, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம் போடுவது: அண்ணா நகர் ஏசி சர்வீஸ், திருநகர் ஏசி சர்வீஸ் என்று. கூகுள் இதை ஸ்பாம் கணக்கில்தான் வைத்திருக்கிறது. கீவேர்டு மெட்டா டேக்கை (பக்கத்தின் கோடுக்குள், படிப்பவர் கண்ணில் படாமல் தேடல் சொற்களை எழுதும் இடம்) நிரப்பித் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பலாம். அதைக் கூகுள் பார்ப்பதில்லை என்று 2009லேயே சொல்லியாகிவிட்டது.

நாற்பது பக்கத்துக்குப் பதில் ஒரே பக்கம் எழுதினோம்: ஏசியில் தண்ணீர் ஏன் ஒழுகுகிறது? பைப் அடைப்பு, அழுக்கு ஃபில்டர், கேஸ் குறைந்து காயிலில் ஐஸ் கட்டுவது. எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு ஆள் வர வேண்டும், வந்தால் எவ்வளவு ஆகும் என்றும் போட்டோம். ரேட்டை வெளியே சொல்ல மச்சானுக்கு மனசே வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் பேரம் பேசுவதில்லை.

விளம்பரம் போட்ட அன்றே போன் அடிக்கும், காசு நின்ற அன்றே அதுவும் நிற்கும். முதல் வாரத்தில் வந்த கிளிக்குகளில் பாதி மெக்கானிக் வேலை தேடியவர்கள், கோர்ஸ் தேடியவர்கள், கம்பெனி கஸ்டமர் கேர் நம்பர் தேடியவர்கள். வேலை, கோர்ஸ், கஸ்டமர் கேர் போன்ற சொற்களைத் தேடினால் நம் விளம்பரம் வராதபடி, அவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் காசு ஒழுகுவது நின்றது. இப்போது ஏப்ரல், மே மட்டும்தான் விளம்பரம்.

இந்தக் கடைக்கு என் வரிசை: மேப், வெப்சைட், அப்புறம் விளம்பரம். ஏசி நின்று வேர்த்துக்கொண்டிருப்பவர் கட்டுரை படிக்கமாட்டார், பக்கத்தில் யார் என்றுதான் பார்ப்பார். ஆஸ்பத்திரி, ஹோட்டலில் வருடக் கான்ட்ராக்ட் பிடிக்க வேண்டுமென்றால் வெப்சைட்தான் முதலில். அங்கே முடிவெடுப்பவர் அவசரப்படமாட்டார்; செய்த வேலைகளையும் ஜிஎஸ்டி நம்பரையும் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்.

மச்சானுக்கு இப்போது அந்த ஆசையும் வந்துவிட்டது. பெரிய இடத்தில் செய்த வேலையின் போட்டோ ஏதாவது இருக்கா என்று கேட்டேன். இன்னும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்.